ஒரே வயலின், நான்கு ஃபோல்டர்: எதை வைத்துக்கொள்வது?

"ஒரு வயலின் சாம்பிள் பேக் (சிறு ஒலிப்பதிவுகளின் தொகுப்பு) இறக்கினேன். உள்ளே வேவ், எஸ்எஃப்2, எஸ்எஃப்இசட், என்கேஐ என்று நான்கு ஃபோல்டர்கள், தனியே கொஞ்சம் ரெக்ஸ் லூப்கள். இவற்றில் எது தரம் அதிகம்? எல்லாவற்றையும் வேவாக மாற்றி வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தரம் என்ற சொல்லைப் போட்டிருந்தாலும், நீங்கள் அறிய விரும்புவது இரண்டு விஷயங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மென்பொருளில் எது ஒழுங்காகத் திறக்கும்? எதை அழித்தால் பின்னால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்? இரண்டாவது கேள்விக்கு அனுபவப்பட்டே பதில் தெரிந்துகொண்டவன் நான். பல வருடங்களாகக் கருவிகளைப் பதிவுசெய்து, வெட்டி, சாம்ப்ளரில் (பதிவுகளைக் கட்டைகளில் ஏற்றி வாசிக்க வைக்கும் மென்பொருள் அல்லது கருவி) ஏற்றுவதுதான் வேலை. நீங்கள் எந்த மென்பொருள் வைத்திருக்கிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. அதனால் முதல் கேள்விக்கு ஓரளவு பொதுவாகத்தான் சொல்ல முடியும்.

எதையும் இப்போதைக்கு அழிக்காதீர்கள். அந்த நான்கு ஃபோல்டர்களிலும் இருப்பது பெரும்பாலும் ஒரே வயலின் பதிவுதான். ஒரு முறை வாசித்ததை நான்கு விதமாகக் கட்டிக் கொடுத்திருப்பார்கள். வித்தியாசம், ஒலியோடு சேர்ந்து வேறென்ன வருகிறது என்பதில் இருக்கிறது. வேவில் ஏறக்குறைய வெறும் ஒலி மட்டும். ரெக்ஸில், அதாவது திரும்பத் திரும்பச் சுற்றி ஒலிக்கும் அந்த லூப்களில், ஒலியும், அதை எங்கெங்கே வெட்டலாம், அசல் வேகம் என்ன என்ற குறிப்பும். எஸ்எஃப்2, எஸ்எஃப்இசட், என்கேஐ மூன்றும் கருவி ஃபைல்கள்: எந்தக் கட்டையை அழுத்தினால் எந்தப் பதிவு ஒலிக்க வேண்டும், மெதுவாகத் தொட்டால் எது, ஓங்கி அழுத்தினால் எது, விரலை எடுத்த பிறகு எவ்வளவு நேரம் தேய வேண்டும் என்ற வரைபடம் அவற்றில் இருக்கிறது. எல்லாவற்றையும் வேவாக மாற்றினால் ஒலி கெடாது. வரைபடம் போய்விடும். அதைத் திரும்பக் கையால் போடுவது இருநூறு பதிவுள்ள ஒரு வயலினுக்கு ஒரு முழு நாள் வேலை.

வேவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் 'ஏறக்குறைய வெறும் ஒலி' என்று சொன்னதில் அந்த 'ஏறக்குறைய' முக்கியம். வேவ் 1991இல் மைக்ரோசாஃப்டும் ஐபிஎம்மும் கொண்டுவந்தது. ஆப்பிளின் ஏஐஎஃப்எஃப் என்ற ஒலி வடிவம் அதற்கு மூன்று வருடம் மூத்தது, 1988. இரண்டுக்கும் வேர் ஒன்றே: எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 1985இல் வகுத்த ஐஎஃப்எஃப் என்ற அமைப்பு. ஃபைலைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் நான்கெழுத்துப் பெயரும் அளவும் எழுதிவிடுவார்கள். ஒரு மென்பொருளுக்குப் புரியாத பெட்டி எதிரே வந்தால், அளவைப் பார்த்துத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கலாம். சாதாரண வேவிலும் ஏஐஎஃப்எஃப்பிலும் ஒலி சுருக்கப்படாமல் அப்படியே இருக்கிறது. பைட்டுகளை அடுக்கும் வரிசைதான் முன்பின். ஆக இவற்றில் எது தரம் என்ற வாக்குவாதத்துக்கு இடமே இல்லை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் ஒலியில் ஒரு எண்கூட மாறாது.

அந்தப் பெட்டிகளில்தான் விஷயம் இருக்கிறது. வேவில் ஒலி இருக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் 'எஸ்எம்பிஎல்' என்று ஒரு குட்டிப் பெட்டி இருக்கலாம். இந்தப் பதிவின் அசல் சுரம் எது, நீட்டிப் பிடிக்கும்போது எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை சுற்றி ஒலிக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். 'ஆசிட்' என்று இன்னொன்று, 1998இல் வந்த அதே பெயருள்ள லூப் மென்பொருளின் உபயம். லூப்பின் வேகத்தையும் சுரத்தையும் சொல்லும். இவை இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, பெயர் ஒன்றுதான், அளவும் சில பைட்டுகள்தான் கூடக்குறைய இருக்கும். ஒலி எடிட்டரில் திறந்து, தொடக்கத்தில் உள்ள சிறு மௌனத்தை வெட்டி, சேமித்தால் சில எடிட்டர்கள் இந்தப் பெட்டிகளைச் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் அது இன்னும் மோசம்: லூப் தொடங்கும் இடம் பழைய எண்ணிலேயே நிற்கும், நீங்கள் வெட்டிய அளவுக்கு ஒலி நகர்ந்திருக்கும், ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும்.

இந்த இடத்தில் ஒரு சொல் குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். சாம்பிள் என்று நாம் சொல்வது ஒரு சிறு பதிவை. அதே சொல்லுக்கு, ஒலியலையை நொடிக்கு இத்தனை முறை அளந்தெடுத்த ஒவ்வொரு எண் என்றும் பொருள். சாம்பிள் ரேட் என்பதில் உள்ள சாம்பிள் இந்த இரண்டாவது. 44.1 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 44,100 அளவுகள். பிட் டெப்த் என்பது ஒவ்வொரு அளவையும் எவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறோம் என்பது. 16 பிட்டில் மிகச் சிறிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபெல் இடம் கிடைக்கும், 24 பிட்டில் கணக்குப்படி 144. ஸ்டீரியோவில் 44.1, 16 பிட் வேவ் நிமிடத்துக்குப் பத்தரை மெகாபைட். 48, 24 பிட் என்றால் பதினேழேகால். இவ்வளவும் கணக்கு, சந்தேகமே கிடையாது. இதற்கு மேல் சொல்லப்போவது என் கருத்து. டிரம் அடி மாதிரி சட்டென்று வந்து போகும் ஒலிக்கு 16 பிட் தாராளம். நீண்டு தேயும் பியானோ, மெல்லிய வில் இழுப்பு போன்றவற்றில் 24 பிட் பயன்படும், ஏனென்றால் அந்தத் தேயும் வாலைப் பிறகு கம்ப்ரெஸர் (சிறிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் கருவி) போட்டு மேலே இழுக்கப் போகிறோம். 96 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள்கள் சாதாரணமாகக் கேட்கும்போது மேலா என்பதில் தொழில் செய்பவர்களே இன்றுவரை ஒத்துப்போகவில்லை. சாம்பிளை இரண்டு ஆக்டேவ் (ஸ்தாயி) கீழே இறக்கி விநோத ஒலி செய்பவருக்கு அது உதவும் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இல்லை. உங்கள் வயலினுக்குத் தேவையில்லை என்பேன்.

சாம்பிள் ரேட் பொருந்தாவிட்டால் என்ன ஆகும் என்று பலர் பயப்படுவார்கள். 48இல் பதிவான ஃபைலை 44.1 ப்ராஜெக்ட்டில் போட்டால், ஒழுங்கான எந்த மென்பொருளும் தானே மாற்றிக்கொள்ளும், காதுக்கு வித்தியாசம் தெரியாது. பழைய சாம்ப்ளர் கருவிகளோ, முகப்புத் தகவல் சிதைந்த ஃபைல்களோ வரும்போதுதான் சிக்கல். 48ஐ 44.1 என்று தவறாக எடுத்துக்கொண்டு ஓட்டினால் சுருதி ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் (ஒரு செமிடோன் என்பது அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே உள்ள சுருதி வித்தியாசம்) இறங்கும், நீளமும் ஒன்பது சதவீதம் போலக் கூடும். 'என் சாம்பிள் எல்லாம் சுருதி சேரவில்லை' என்று யாராவது சொன்னால், இறங்கியிருப்பது இந்த ஒன்றரை செமிடோனா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

அடுத்தது எம்பி3. உங்கள் பேக்கில் இல்லை என்றாலும், இலவசமாகக் கிடைக்கும் பலவற்றில் இருக்கும். இதில் ஒலி நிஜமாகவே குறைகிறது, காதுக்குத் தெரியாது என்று கருதும் பகுதிகளை எறிந்துவிட்டுத்தான் அது சிறியதாகிறது. ஆனால் சாம்பிள் வேலையில் தரத்தைவிட இன்னொரு தொல்லை பெரியது. எம்பி3 ஒலியை 1,152 அளவுகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து எழுதும். கட்டம் நிறையாவிட்டால் மௌனத்தால் நிரப்பும், தொடக்கத்திலும் கொஞ்சம் மௌனம் சேரும். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில் நான்கு தட்டுள்ள ஒரு லூப் 44.1 கிலோஹெர்ட்ஸில் சரியாக 88,200 அளவுகள். அதை எம்பி3 ஆக்கித் திரும்ப வேவ் ஆக்கினால், அந்த மௌனத்தைக் கணக்குப் பார்த்து வெட்டும் மென்பொருள் இல்லையென்றால், பல மில்லிநொடி கூடிவிடும். நான்கு சுற்றிலேயே தாளம் நொண்டும். அதோடு, எம்பி3யை வேவாக மாற்றுவதால் போனது திரும்பாது, ஃபைல்தான் பெரிதாகும். வேவ் என்று தரப்பட்டது உண்மையில் எம்பி3யிலிருந்து வந்ததா என்று பார்க்க, ஸ்பெக்ட்ரம் (எந்த அலைவெண்ணில் எவ்வளவு ஒலி என்பது) காட்டும் கருவியில் போட்டு 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறதா என்று சிலர் பார்ப்பார்கள். 128 கிலோபிட் எம்பி3க்கு அது நல்ல அடையாளம்தான். ஆனால் பேஸ் ஒலியிலோ பழைய நாடாப் பதிவிலோ அங்கே இயல்பாகவே ஒன்றும் இருக்காது. அதனால் அதை மட்டும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

ஃப்ளாக் வேறு கதை. அதுவும் சுருக்கும், ஆனால் எதையும் எறியாமல் சுருக்கும். திறந்தால் அதே எண்கள் திரும்ப வரும். இடம் மிச்சப்படுத்த நானே பழைய பதிவுகளை அதில்தான் வைக்கிறேன். கவனிக்க வேண்டியவை இரண்டு. 32 பிட் ஃப்ளோட் (தசமப் புள்ளி எண்களாக எழுதிய) வேவை ஃப்ளாக் அப்படியே வைத்துக்கொள்ளாது, முழு எண்களாக மாற்றியாக வேண்டும். மேலே சொன்ன லூப் பெட்டிகளும், தனியாகச் சொல்லாவிட்டால், உள்ளே போகாது.

உங்கள் ரெக்ஸ் லூப்களுக்கு வருவோம். 1994இல் ப்ரொபெல்லர்ஹெட் நிறுவனம் வெளியிட்ட ரீசைக்கிள் என்ற மென்பொருளின் வழியாக வந்த வடிவம் இது. டிரம் லூப்பை ஒவ்வொரு அடியிலும் வெட்டி, துண்டுகளைத் தனித்தனியாக நிறுத்தும். வேகத்தைக் கூட்டினால் துண்டுகள் நெருங்கி ஒலிக்கும், குறைத்தால் விலகி ஒலிக்கும், சுருதி மாறாது, ஒலியை இழுத்து நீட்டுவதால் வரும் குழைவும் இருக்காது. ஒலியை நீட்டிச் சுருக்கும் வசதி எல்லா மென்பொருளிலும் வந்துவிட்ட இந்தக் காலத்தில் ரெக்ஸ் எதற்கு என்று கேட்கலாம். அடி அடியாகத் தெறிக்கும் தாளத்துக்கு இன்றைக்கும் அந்தப் பழைய வழிதான் சுத்தமாக ஒலிக்கிறது என்பது என் காதின் தீர்ப்பு. வில்லால் இழுத்த வயலினில் வெட்ட அடி ஏது? அதனால் உங்கள் பேக்கில் இருப்பவை விரலால் மீட்டிய பிட்ஸிகாட்டோ லூப்களாக இருக்கக்கூடும். உங்கள் மென்பொருள் ரெக்ஸைத் திறக்காவிட்டால் இவற்றை மட்டும் வேவாக மாற்றி வைத்துக்கொள்வதில் தப்பில்லை, ஆனால் ஃபைல் பெயரிலேயே அசல் வேகத்தை எழுதிவிடுங்கள்.

சரி, கருவி ஃபைல்கள். எஸ்எஃப்2 என்பது சவுண்ட்ஃபான்ட், ஈமு சிஸ்டம்ஸும் கிரியேட்டிவும் 1990களில் சவுண்ட் பிளாஸ்டர் அட்டைகளுக்காக உருவாக்கியது. இதன் பெரிய வசதி, ஒலியும் வரைபடமும் ஒரே ஃபைலுக்குள் இருப்பது. எங்கே தூக்கிப்போட்டாலும் எதுவும் தொலையாது. குறை, அடிப்படையில் அது 16 பிட். 24 பிட்டுக்குப் பின்னால் வழி செய்தார்கள் என்றாலும் எல்லா பிளேயரும் அதைப் படிப்பதில்லை. ஆக உங்கள் வேவ்கள் 24 பிட்டாக இருந்து எஸ்எஃப்2 வெறும் 16 பிட்டாக இருந்தால், அந்த ஒரு இடத்தில் மட்டும் தர வித்தியாசம் என்ற உங்கள் சந்தேகம் நியாயமானதே.

எஸ்எஃப்இசட் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் ஒளிவுமறைவு இல்லை. அது வெறும் எழுத்து ஃபைல், நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு பத்தி இருக்கும்: சாம்பிள் எந்த ஃபோல்டரில், கீழ்க் கட்டை எது, மேல் கட்டை எது, அசல் சுரம் எது, எவ்வளவு அழுத்தத்துக்கு. ஒலி உள்ளே கிடையாது, வேவையோ ஃப்ளாக்கையோ வெளியே தேடி எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அந்த ஃபைல் சில கிலோபைட்டே இருக்கும், 'இது காலியான ஃபைல்' என்று நினைத்துப் பலர் அழித்துவிடுவார்கள். ஃபோல்டரின் பெயரை மாற்றினால் ஒலி வராது. லினக்ஸில் பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறியிருந்தாலும் வராது. விண்டோஸில் செய்து பார்த்தவர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். திறக்க சஃபோர்சாண்டோ என்ற இலவச பிளேயர் போதும்.

என்கேஐ, நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கான்டாக்ட் சாம்ப்ளருக்கு உரியது. இதுவும் பெரும்பாலும் வரைபடம்தான், ஒலி பக்கத்தில் 'சாம்பிள்ஸ்' ஃபோல்டரில் இருக்கும், வேவாகவோ என்சிடபிள்யூ என்ற சுருக்கிய வடிவிலோ. ஆனால் எஸ்எஃப்இசட்டில் எழுத முடியாத நுணுக்கங்கள் பலவற்றை இதில் நிரலாகவே எழுதிவைக்கலாம். நல்ல வயலின் ஒன்றில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் லெகாட்டோ எல்லாம் அந்த நிரலால் நடப்பது. இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். புதிய கான்டாக்ட் பதிப்பில் சேமித்த என்கேஐ பழைய பதிப்பில் திறக்காது. இலவசமான கான்டாக்ட் பிளேயரில், அதற்கென்று உரிமம் பெற்றுத் தயாரித்த தொகுப்புகள்தான் முழுதாக ஓடும். மற்றவை 15 நிமிடம் ஓடி நின்றுவிடும். 'பேக் கெட்டுவிட்டது' என்று வரும் புகார்களில் பாதி இந்த 15 நிமிடம்தான்.

இப்போது என் கதை. தொடக்கத்தில், வட்டில் இடம் போதாமல், ஒரு ஸ்ட்ரிங்ஸ் சவுண்ட்ஃபான்ட்டைப் பிரித்து வேவ்களாக எடுத்துவிட்டு மூலத்தை அழித்தேன். ஒலியெல்லாம் வந்தது, பெயரும் வந்தது. ஆறு மாதம் கழித்து ஒரு மெதுவான பாட்டுக்கு அவற்றை ஏற்றினால், எந்தச் சுரமும் மூன்று நொடிக்கு மேல் நிற்கவில்லை. சுற்றி ஒலிக்க வேண்டிய இடங்கள் எஸ்எஃப்2க்குள் இருந்தவை. நான் பயன்படுத்திய கருவி அவற்றை எஸ்எம்பிஎல் பெட்டியில் எழுதவில்லை. நான் சரிபார்க்கவும் இல்லை. அறுபத்துச் சொச்சம் பதிவுகளுக்குக் கையால் லூப் தேடினேன். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், சவுண்ட்ஃபான்ட்டுக்கு பாலிஃபோன் என்ற திறந்த மூல எடிட்டர் இருக்கிறது, கருவி வடிவங்களுக்கிடையே மாற்ற கன்வர்ட்வித்மாஸ் இருக்கிறது. இவை ஒரு வரைபடத்தை இன்னொரு வரைபடமாக எழுத முயலும், வெறும் வேவாக உதிர்க்காது. கட்டைப் பிரிவும் லூப்பும் பெரும்பாலும் தப்பிக்கும். ஃபில்டர், நிரல் போன்றவை அந்தந்த சாம்ப்ளரின் சொந்தச் சரக்கு, அவை கடந்து வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வேவிலிருந்து நீங்களே கருவி கட்டும்போது இன்னொரு பொறி உண்டு. மிடியில் (சுரங்களை எண்களால் குறிக்கும் முறை) நடு சி என்பது 60ஆம் எண். யமஹா வழக்கத்தில் அதற்கு சி3 என்று பெயர், ரோலண்ட் வழக்கத்தில் சி4. எஸ்எஃப்இசட் சி4 என்கிறது, கான்டாக்ட் சி3 என்கிறது. ஃபைல் பெயரில் 'வயலின் ஏ4' என்று இருந்தால் எந்த ஏ4 என்பது பெயர் வைத்தவருக்கே வெளிச்சம். தானாக அடுக்கும் வசதியை நம்பி ஏற்றினால் கருவி முழுவதும் ஓர் ஆக்டேவ் தள்ளிப்போய் நிற்கும், சுருதி சரியாக இருப்பதால் உடனே தெரியவும் தெரியாது. ஒரே ஒரு பதிவை ட்யூனரில் காட்டிப் பாருங்கள்: 440 ஹெர்ட்ஸ் என்றால் அது மிடியில் 69. அதிலிருந்து மற்றதெல்லாம் தெளிந்துவிடும்.

ஃபோல்டரில் புள்ளியும் அடிக்கோடும் வைத்துத் தொடங்கும் பெயருள்ள சில கிலோபைட் வேவ்கள் கிடந்தால், அவை மேக் கணினி ஜிப் செய்யும்போது விட்டுப்போன குறிப்புகள், ஒலி இல்லை, தாராளமாக அழிக்கலாம். ஏஎஸ்டி என்று முடிபவை ஏபிள்டன் லைவ் தனக்காக எழுதிக்கொள்வது. அழித்தால் மறுபடி உண்டாக்கும், ஆனால் நீங்கள் கையால் நகர்த்திச் சேமித்த வார்ப் குறிகள் (ஒலியைத் தாளத்தோடு பொருத்துபவை) அதோடு போய்விடும். எந்த வடிவம் என்றே தெரியாத ஃபைல் வந்தால் எழுத்து எடிட்டரில் திறந்து முதல் சில எழுத்துகளைப் பாருங்கள். ஆர்ஐஎஃப்எஃப் என்று தொடங்கி, நான்கு பைட் தள்ளி வேவ் என்று வந்தால் வேவ். அதே இடத்தில் எஸ்எஃப்பிகே என்று வந்தால் சவுண்ட்ஃபான்ட். எஃப்ஓஆர்எம் என்று தொடங்கினால் ஏஐஎஃப்எஃப் குடும்பம். பார்த்துவிட்டுச் சேமிக்காமல் மூடுங்கள். பெயரின் வாலை மாற்றினால் வடிவம் மாறிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

உங்கள் விஷயத்தில் நான் செய்யக்கூடியது இது. முழு கான்டாக்ட் இருந்தால் என்கேஐ ஃபோல்டரை அதன் சாம்பிள்ஸ் ஃபோல்டரோடு பிரிக்காமல் வைத்துக்கொள்வேன். இல்லையென்றால் எஸ்எஃப்இசட்டையும் வேவையும் வைத்துக்கொண்டு எஸ்எஃப்2ஐ விடுவேன், ஆனால் ஒன்று பார்த்த பிறகு: எஸ்எஃப்இசட் ஃபைலைத் திறந்து அது தேடும் பாதை வேவ் ஃபோல்டருக்குத்தான் போகிறதா, அதற்குத் தனியாகச் சாம்பிள்கள் இருக்கிறதா என்று. என்ன மென்பொருள் என்பதையும், அந்த ஃபைலின் முதல் பத்து வரிகளையும் இங்கே போட்டால், எந்த ஃபோல்டரைத் தைரியமாக எடுத்துவிடலாம் என்று சரியாகச் சொல்கிறேன்.